ரெட் ராக்ஸில் ராக் கச்சேரி: பாறைக்கு நடுவே உட்கார்ந்து கேட்டவர்கள் எழுதுங்கள்

கொலராடோவில் டென்வருக்கு மேற்கே, மாரிசன் ஊரை ஒட்டி இருக்கும் ரெட் ராக்ஸ் திறந்தவெளி அரங்கில் ராக் கச்சேரி பார்த்தவர்கள் உங்கள் அனுபவத்தை எழுதுங்கள். எந்தப் பாட்டுக்குப் பிறகு எந்தப் பாட்டு வந்தது என்ற பட்டியல் வேண்டாம், அது எங்கும் கிடைக்கும். அந்த இடத்தில் கேட்டது எப்படி இருந்தது, சுற்றி இருந்த ஜனம் என்ன செய்தது, அதைச் சொல்லுங்கள். நானே தொடங்கி வைக்கிறேன். நான் பார்த்த பேண்டின் பெயரை வேண்டுமென்றே விடுகிறேன். சொன்னால் பேச்சு முழுக்க அவர்கள் பக்கம் போய்விடும்.

எனக்கு இடம் கிடைத்தது கிட்டத்தட்ட உச்சி வரிசையில். மொத்தம் 70 வரிசை, ஒன்பதாயிரத்துச் சொச்சம் பேர் உட்காரலாம். கார் நிறுத்திய இடத்திலிருந்தே ஏற்றம்தான். அரங்கு இருப்பது கடல்மட்டத்திலிருந்து 6,450 அடி உயரத்தில். படியில் பத்துப் பேருக்கு ஒருவர் நின்று, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இயற்கைக் காட்சியை ரசிப்பதுபோல் பாவனை செய்துகொண்டிருந்தார்கள். எல்லோருக்கும் மூச்சு வாங்குகிறது, ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லை. நானும் நிறையக் காட்சிகளை ரசித்தேன்.

மேலே போய் உட்கார்ந்ததும்தான் அந்த இடத்தின் அமைப்பு புரிந்தது. இடது கையில் ஒரு பாறை, வலது கையில் ஒரு பாறை, இரண்டும் சுமார் 300 அடி உயரம். ரசிகர்கள் கிழக்கே பார்த்து உட்கார்ந்திருக்கிறோம். கீழே மேடை, மேடைக்குப் பின்னால் சமவெளி, அதற்கும் அப்பால் டென்வர் நகரத்து விளக்குகள். அந்தப் பகுதியில் கோடை மழை மலைப் பக்கம் உருவாகிக் கிழக்கே நகரும். அதாவது நம்மைத் தாண்டிப் போன இடி மின்னல் எல்லாம் அப்புறம் மேடைக்குப் பின்னால்தான் நடக்கும்!

அன்று அதுதான் நடந்தது. கச்சேரிக்கு முன்னால் ஒரு தூறல் போட்டுவிட்டுப் போயிருந்தது. பாதிக் கச்சேரியில் ஒரு மெதுவான பாட்டு. கிடார் மட்டும் ஒற்றைக் கம்பியில் போய்க்கொண்டிருக்கிறது, எல்லோரும் அமைதி. திடீரென்று சமவெளியின் மேல் ஒரு மேகம் முழுக்க உள்ளுக்குள் வெளிச்சமாகி அணைந்தது. இடிச் சத்தம் கிடையாது, அவ்வளவு தூரம். ஒட்டுமொத்த மேல் வரிசையும் "ஓ" என்று கத்தியது. கிடார்க்காரர் தலையை நிமிர்த்திச் சிரித்துக் கையை ஆட்டினார். தன் வாசிப்புக்குத்தான் அந்த வரவேற்பு என்று நினைத்துவிட்டார், பாவம். ரெண்டாவது மின்னலுக்கும் கத்தினோம். மூன்றாவதற்கு டிரம்ஸ்காரர் சந்தேகப்பட்டுத் திரும்பிப் பார்த்தார். அதன் பிறகு அவர் ஒரு வேலை செய்தார். பாட்டு முடிந்தும் அடுத்ததைத் தொடங்காமல், கால் டிரம்மில் மட்டும் மெல்லத் தட்டிக்கொண்டு காத்திருந்து, மின்னல் வந்ததும் ஓங்கி ஓர் அடி. அரங்கு பிய்த்துக்கொண்டது. அந்த பேண்டை நான் அதற்கு முன்னும் பெரிய மைதானத்தில் பார்த்திருக்கிறேன். அங்கே ஒத்திகை பார்த்ததை ஒப்பித்தார்கள். இங்கே வாசித்தார்கள்.

~

நண்பரே, அதே கச்சேரியில் நான் நாலாவது வரிசையில் இருந்தேன். கீழே இருந்தவர்களுக்கு அந்த மின்னல் சுத்தமாகத் தெரியவில்லை. மேடைக் கூரையும் பின்னால் நிற்கும் பாறையும் மறைத்துவிடும். மேலே இருந்து கத்தல் வருகிறது, ஏன் என்று புரியவில்லை. பக்கத்தில் இருந்தவர் யாரோ சிறப்பு விருந்தினர் மேடைக்கு வருகிறார் என்று சத்தியம் செய்தார், எழுந்து நின்று தேட ஆரம்பித்துவிட்டார். டிரம்ஸ்காரர் திரும்பிப் பார்த்தபோதுதான் விஷயம் விளங்கியது.

ஆனால் எங்களுக்கு வேறொன்று கிடைத்தது. ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன். முதல் வரிசைக்கும் கடைசி வரிசைக்கும் உயர வித்தியாசம் மட்டுமே ஏறக்குறைய நூறு அடி. ஜனம் தரையில் பரவி இல்லை, செங்குத்தாக எழுந்து நிற்கிறது. தட்டையான மைதானத்தில் பாடகருக்கு முதல் இருபது வரிசை தெரிந்தால் பெரிது. இங்கே ஒவ்வொரு முகமும் அவருக்கு நேராக இருக்கிறது. அன்று பாடகர் ஒரு பாட்டு முழுக்க மேல் வரிசையைப் பார்த்துத்தான் பாடினார். முன்னால் நின்ற எங்களைக் கண்டுகொள்ளவே இல்லை, அந்த வருத்தம் எனக்கு இன்னும் உண்டு.

~

இந்த அரங்கின் கதையில் பாதி வானிலைக் கதைதான். 1941 ஜூனில் திறந்தார்கள். வடிவமைத்தவர் பர்னம் ஹாய்ட். இரு பக்கத்துப் பெரிய பாறைகளையும் அப்படியே விட்டு, நடுவில் இருக்கிற சரிவிலேயே வரிசைகளைப் பதித்தார், அதற்கே அவருக்கு ஒரு கும்பிடு. 1964 ஆகஸ்ட் 26-ல் பீட்டில்ஸ் வந்தபோது இடம் நிரம்பவில்லை என்றால் இன்று யாராவது நம்புவார்களா? 1971-ல் ஜெத்ரோ டல் பேண்ட் வந்த அன்று டிக்கெட் இல்லாமல் கூடிய கூட்டம் உள்ளே நுழையப் பார்க்க, போலீஸ் கண்ணீர்ப் புகை போட, காற்று அதை அப்படியே அரங்குக்குள் கொண்டுவந்துவிட்டது. டிக்கெட் வாங்கி ஒழுங்காக உட்கார்ந்திருந்தவர்களும் அழுதுகொண்டேதான் பாட்டுக் கேட்டார்கள். அதன் பிறகு சில ஆண்டுகள் அங்கே ராக் கச்சேரிக்கே தடை.

எல்லோரும் சொல்லும் யூ2 பேண்டின் கதை 1983 ஜூன் 5. கொட்டும் மழை, குளிர், பனிமூட்டம். ரத்து செய்யலாம் என்ற பேச்சு எழுந்தது. படமெடுக்கும் ஏற்பாட்டில் பேண்ட் ஏற்கெனவே பணத்தைப் போட்டிருந்ததால் விடவில்லை. அரங்கு பாதிகூட நிரம்பவில்லை. வந்தவர்கள் நனைந்துகொண்டே நின்றார்கள், பாறை மேல் எரிந்த தீவட்டிகளும் மூட்டமும் சேர்ந்து அந்த ஒளிப்பதிவு எங்கோ போய்விட்டது. வெயில் காய்ந்த ஒரு மாலையாக இருந்திருந்தால் அது இன்னொரு கச்சேரிப் படமாகத்தான் இருந்திருக்கும் என்பது என் எண்ணம். இன்னொரு சங்கதி: அந்தப் படத்தின் பெயரான 'அண்டர் எ பிளட் ரெட் ஸ்கை' என்ற பெயரிலேயே வந்த இசைத்தட்டில் ரெட் ராக்ஸில் பதிவானவை இரண்டு பாட்டுதான், மற்றவை வேறு ஊர்களில் பதிவானவை. இசைத்தட்டைக் கேட்டுவிட்டு "பாறையின் எதிரொலி தெரிகிறது" என்று கண்ணை மூடிக்கொள்கிறவர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், முகத்தைப் பார்க்கவேண்டும்.

~

திறந்தவெளிக் கச்சேரிகளில் ஒலிக் குழுவோடு வேலை செய்தவன் என்ற முறையில் கொஞ்சம்.

ஒலி ஒரு விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். மேடையிலிருந்து நூறு மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் குச்சி டிரம்மில் விழுவதைப் பார்த்துக் கால் விநாடிக்கும் மேல் கழித்துத்தான் சத்தம் வரும். மேல் வரிசைக்காரர்கள் கை தட்டுவது கீழே இருப்பவர்களுக்குத் தாளம் பிசகித் தெரிவது அதனால்தான், ரசனைக் குறைவு என்று திட்டாதீர்கள். காற்று அடித்தால் முதலில் அலைக்கழிவது உச்ச ஒலிகள். சிம்பல் (டிரம்ஸோடு இருக்கும் உலோகத் தட்டு) சத்தம் ஒருமுறை பக்கத்தில் வந்து ஒருமுறை காணாமல் போகும். பேஸ், அதாவது கனத்த தாழ்ந்த ஒலி, அசையாது, அது ஊரைத் தாண்டிப் போகும். வெயில் நேரத்தில் தரைக் காற்று சூடாக இருப்பதால் ஒலி மேல்நோக்கி வளையும். இரவில் தரை குளிர்ந்ததும் கீழ்நோக்கி வளைந்து வெகுதூரம் போகும். ஆறு மணிக்குச் சரி பார்த்து வைத்ததெல்லாம் ஒன்பது மணிக்கு வேறாகிவிடும். ரெட் ராக்ஸில் பேஸ் அதிர்வுக்கு வரம்பு வந்ததும் கீழே மாரிசன் ஊரில் குடியிருப்பவர்கள் புகார் சொன்ன பிறகுதான்.

நல்ல ஒலி வேண்டுமா, மிக்ஸிங் மேசை எங்கே இருக்கிறதோ அதற்குப் பக்கத்தில் உட்காருங்கள். அங்கே கேட்பதை வைத்துத்தான் ஒலியையே அமைக்கிறார்கள்.

மெட்டாலிக்கா பேண்ட் 2013 டிசம்பர் 8-ல் அண்டார்டிகாவில், அர்ஜென்டினாவின் கார்லினி ஆய்வு நிலையத்தில் வாசித்தபோது இந்தத் தலைவலியே இல்லை. சுற்றுச்சூழலைக் கெடுக்கக்கூடாதென்று ஸ்பீக்கரே வைக்கவில்லை. கூடாரத்துக்குள் இருந்த நூற்றிச் சொச்சம் பேரும் ஹெட்போனில்தான் கேட்டார்கள். வெளியே இருந்து பார்த்திருந்தால் கம்பியைத் தடவும் மூன்று பேரும் டிரம் தட்டும் ஒருவரும் தலையை ஆட்டும் ஒரு கூட்டமும்தான். அப்படிக் கேட்பதற்கு வீட்டிலேயே கேட்கலாம் என்று என் நண்பர் சொல்வார். நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். பக்கத்தில் நிற்பவரின் தலை ஆடுவது வீட்டில் கிடைக்காது.

~

எல்லோரும் மழையையும் மின்னலையும் புகழ்கிறீர்கள். 2023 ஜூன் 21-ஐ மறந்துவிட்டீர்களா? ஆங்கிலப் பாடகர் லூயி டாம்லின்சன் கச்சேரி தொடங்கும் முன் ரெட் ராக்ஸில் ஆலங்கட்டி மழை. 80-க்கும் மேற்பட்டவர்களுக்குக் காயம், ஏழு பேரை மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். ஒன்பதாயிரம் பேர் உட்காரும் சரிவில் தலைக்கு மேல் எதுவுமே இல்லை. வெளியே ஓடவேண்டுமானால் படிதான், அதுவும் நனைந்த படி. மேடையில் இருப்பவர்களுக்கு மட்டும் கூரை உண்டு. அங்கே இடி எச்சரிக்கை அறிவித்தால் பாட்டுக்காகக் காத்திருக்காமல் காருக்குப் போய் உட்காருங்கள்.

அப்புறம் இன்னொன்று. இடம் அழகாக இருந்தால் பாட்டுக் கேட்க வராதவர்களும் வருவார்கள். என் முன்வரிசையில் ஒரு கூட்டம் கச்சேரி முழுக்க மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பாறையோடு படம் எடுத்தது. பாடகர் பாவம், அவர்கள் படத்தில் ஓரமாக, விரல் நுனி அளவில் இருந்திருப்பார்.

~

சகோ, படம் எடுப்பவர்களை விடுங்கள், இடத்தையே நாசம் செய்த கச்சேரியும் இருக்கிறது. 1989 ஜூலை 15, வெனிஸில் பிங்க் ஃப்ளாய்ட். நீரில் மிதக்கும் மேடை, கரையில் சுமார் இரண்டு லட்சம் பேர். வந்தவர்களுக்குக் கழிப்பறைகூட இல்லை. மறுநாள் நகரம் முழுக்கக் குப்பை. கடைசியில் நகராட்சி நிர்வாகமே பதவி விலகவேண்டியதாயிற்று. தொலைக்காட்சியில் பார்த்தவர்களுக்குச் சொர்க்கம், ஊர்க்காரர்களுக்குத்தான் கேடு.

அதே குழுவின் டேவிட் கில்மோர் 2016 ஜூலையில் இத்தாலியின் பாம்பெய் (Pompeii) நகரத்துப் பழைய ரோமானிய அரங்கில் இரண்டு இரவு வாசித்தார். நான் ஓர் இரவு இருந்தேன். 1971-ல் பிங்க் ஃப்ளாய்ட் அங்கே ரசிகர் யாருமே இல்லாமல் வாசித்துப் படமாக்கிய இடம் அது. இந்த முறை கூட்டம் அளவோடுதான், சில ஆயிரம் பேர். படிக்கட்டுகளில் யாரையும் விடவில்லை, கிளாடியேட்டர்கள் சண்டை போட்ட தரையில் நாங்கள் நின்றோம், சுற்றிலும் படிகள் காலி. வெட்டுப்பட்டவன் நின்ற இடத்தில் நின்று பாட்டுக் கேட்பது ஒரு மாதிரிதான் இருக்கிறது, மறுக்கவில்லை. 1971-ல் அங்கே வாசித்த பாட்டுகளில் ஒன்றை மட்டும்தான் அன்று திரும்ப எடுத்தார். அந்த பேஸ் தொடங்கியதும் என் பக்கத்தில் நின்ற நரைத்த தலைக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலில் நின்றார். ஏன் என்று கேட்கவில்லை, நானும் கழற்றினேன். தரை இன்னும் பகல் சூட்டோடு இருந்தது.

~

எல்லோருடைய அனுபவத்தையும் படித்தேன், நன்றி. அடுத்த கோடையில் ரெட் ராக்ஸ் போகிறேன். அம்மாவையும் கூட்டிக்கொண்டு போகிறேன், அவருக்கு முழங்கால் வலி. மேல் வரிசையா, கீழ் வரிசையா? குடை கொண்டு போகலாமா?

~

குடைக்கு அனுமதி இல்லை, பின்னால் இருப்பவருக்கு மறைக்கும் அல்லவா. மழைக்கோட்டும், உட்கார மெத்தென்று ஏதாவதும் எடுத்துக்கொள்ளுங்கள், வரிசையெல்லாம் மரப்பலகைதான். அம்மாவுக்கு நடுவில் இருக்கும் வரிசைகள் வேண்டாம், எந்தப் பக்கம் போனாலும் படி. சக்கர நாற்காலிக்காரர்களுக்கும் படி ஏற முடியாதவர்களுக்கும் முதல் வரிசையும் கடைசி வரிசையும்தான். டிக்கெட் வாங்கும்போதே அதைத் தேர்ந்தெடுங்கள். என்னைக் கேட்டால் கடைசி வரிசை. மின்னல் அங்கேதான் தெரியும்.