இரவில் சிக்னல் ஒலியை நிறுத்தலாமா?

மாடிவீடு: பார்வையற்றோருக்காக எங்கள் தெருமுனை சிக்னலில் வைத்த பீப் ஒலி என் படுக்கையறை வரை கேட்கிறது. பகலில் ஒலிக்கட்டும். இரவு 10 மணிக்கு மேல் நிறுத்தினால் என்ன? அந்த நேரத்தில் சாலையைக் கடப்பவர்களே குறைவு.

வெண்கோல்: எனக்குப் பார்வை கிடையாது. பகலில் ஒலி இல்லாவிட்டாலும் ஓரளவு சமாளிப்பேன். பக்கத்துச் சாலையில் நிற்கும் வண்டிகள் கிளம்பும் சத்தம், கூட நிற்பவர்களின் காலடி, இரண்டையும் வைத்துக் கணித்துவிடலாம். இரவில் இரண்டுமே இருக்காது. எப்போதாவது வரும் வண்டியும் வேகமாக வரும். ஜப்பானில் அக்கம்பக்கத்தார் புகாரால் பல சிக்னல்களில் இரவு ஒலியை நிறுத்துகிறார்கள். 2018 டிசம்பரில் டோக்கியோவில், அப்படி ஒலி நிறுத்தியிருந்த சந்திப்பை விடியற்காலையில் கடந்த பார்வைக் குறைபாடுள்ள ஒருவர் வண்டி மோதி இறந்தார். குறைவான பேர்தான் என்று நீங்கள் சொல்லும் கணக்கில் அவரும் ஒருவர்.

மாடிவீடு: கேட்கவே வருத்தமாக இருக்கிறது. ஆனால் தினமும் தூக்கம் கெடுவதும் சின்ன விஷயமில்லை. அமெரிக்காவில் பார்வையற்றோரின் தேசியக் கூட்டமைப்பே இந்த ஒலிகளை ஒரு காலத்தில் எதிர்த்ததே?

வெண்கோல்: எதிர்த்தார்கள். பார்வையற்றோரின் இன்னொரு அமைப்பு ஆதரித்தது. சிக்னல் சத்தம் வண்டிச் சத்தத்தை அமுக்கிவிடும் என்று எதிர்த்தவர்கள் பயந்தது நியாயம்தான். அதனால்தான் அளவாக ஒலிக்க வேண்டும் என்கிறோம்.

கம்பிவேலை: அளவுக்கு விதியே இருக்கிறது. சாலையைக் கடக்க அழுத்தும் பொத்தான் உள்ள கம்பம் எங்கே என்று காட்டும் ஒலி நொடிக்கு ஒருமுறை வரும். அமெரிக்க விதிப்படி அது பொத்தானிலிருந்து 6 முதல் 12 அடிக்குள் கேட்டால் போதும், சுற்றியுள்ள சத்தத்தைவிட 5 டெசிபலுக்கு மேல் கூடக்கூடாது. கருவியில் உள்ள மைக் சுற்றுச் சத்தத்தை அளந்து, தெரு அடங்கியதும் தானே ஒலியைக் குறைக்கும். மாடி வரை கேட்கிறது என்றால் அதை யாரும் சரியாக அமைக்கவில்லை. புகார் கொடுங்கள். செக் நாட்டின் பிராக் நகரில் பார்வையற்றோர் கையடக்க ரிமோட்டை அழுத்தி ஒலியை எழுப்பும் வசதியும் உண்டு.

மாடிவீடு: ரிமோட் நல்ல யோசனை. எல்லா இடத்திலும் அதையே வைத்துவிடலாம்.

வெண்கோல்: ரிமோட் கூடுதலாக இருக்கட்டும். வெளியூரிலிருந்து வருபவர் கையில் அது இருக்காது. காதும் கேட்காதவருக்கு, கடக்கும் நேரம் வந்ததும் தொட்டால் அதிரும் அம்புக்குறி பொத்தானும் வேண்டும். என்னைப் போன்றவர் அந்தப் பொத்தானைத் தேடிப் பிடிக்கவே கம்பத்தின் ஒலிதான் வழி.

மாடிவீடு: சரி, ஒலியைக் குறைக்கச் சொல்லி மனு கொடுக்கிறேன். அதற்கப்புறமும் தூங்க முடியாவிட்டால் நிறுத்தத்தான் சொல்வேன்.

வெண்கோல்: குறைக்கச் சொல்லும் மனுவில் நானும் கையெழுத்துப் போடுகிறேன். நிறுத்தச் சொன்னால் எதிர்த்து மனு கொடுப்பேன்.