கலைச்சொல்: ‘நாடுகடத்தல்’ எதற்கு, ‘வெளியேற்றம்’ எதற்கு?

குழுவினருக்கு வணக்கம்.

2025 பிப்ரவரி 5 அன்று அமெரிக்க ராணுவ விமானம் ஒன்று 104 இந்தியர்களை அமிர்தசரஸில் கொண்டுவந்து இறக்கியது. ஏப்ரல் 10 அன்று, மும்பைத் தாக்குதல் வழக்கில் தேடப்பட்ட தஹாவூர் ராணா அமெரிக்காவிலிருந்து தில்லிக்குக் கொண்டுவரப்பட்டார். இரண்டு செய்திக்கும் தமிழில் கண்ணில்பட்ட சொல் ‘நாடு கடத்தல்’தான். முன்னது, அந்நாட்டில் தங்க உரிமையில்லை என்று குடிவரவுச் சட்டப்படி அனுப்பியது. பின்னது, வழக்கை எதிர்கொள்ள ஒரு அரசு இன்னொரு அரசின் கையில் ஒருவரைக் கொடுத்தது. பின்னதற்கு ‘ஒப்படைப்பு’ என்ற நல்ல சொல் ஏற்கெனவே இருக்கிறது. ‘குற்றவாளி ஒப்படைப்பு’ என்று மட்டும் வேண்டாம்; தீர்ப்பு வரும் முன்பே ஒப்படைக்கப்படுகிறவர்கள் நிறையப் பேர்.

சிக்கல் முன்னதில். எல்லையில் தடுப்பதற்கு ஒரு நடவடிக்கை, உள்ளே வந்துவிட்டவரை அனுப்புவதற்கு இன்னொன்று என்றிருந்ததை அமெரிக்கா 1996 சட்டத்தில் ஒன்றாக்கியது. 1997 ஏப்ரல் 1 முதல் இரண்டுக்கும் பெயர் ‘ரிமூவல்’. இதற்குப் பொதுச்சொல்லாக ‘வெளியேற்றம்’ என்பதை முன்வைக்கிறேன். அதன் கீழ் ‘எக்ஸ்பெடைட்டட் ரிமூவல்’ என்பதை ‘விரைவு வெளியேற்றம்’ எனலாம். கருத்துச் சொல்லுங்கள்.

———

மறு: கலைச்சொல்

> பொதுச்சொல்லாக ‘வெளியேற்றம்’

செய்தி மேசையில் இது நிற்காது ஐயா. ‘200 பேர் வெளியேற்றம்’ என்று தலைப்புப் போட்டால் வெள்ளமா, தீவிபத்தா, சட்டசபையில் அமளியா என்று வாசகர் கேட்பார். புகைக்கும் அதே சொல். ‘நாடுகடத்தல்’ என்றால் பார்த்தவுடன் விளங்குகிறது.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். பணம் வாங்கிக்கொண்டு எல்லை தாண்ட வைப்பதையும், ஏமாற்றிக் கொத்தடிமையாக விற்பதையும் நாம் ‘ஆட்கடத்தல்’ என்றே எழுதுகிறோம். ஆட்கடத்தலில் சிக்கியவர் நாடுகடத்தப்பட்டார் என்று ஒரே வரியில் வந்தால், இரண்டு கடத்தலையும் செய்தது யார் என்று குழம்பத்தான் செய்யும்.

———

மறு: மறு: கலைச்சொல்

டொராண்டோவில் அகதிக் கோரிக்கை விசாரணைகளுக்கு மொழிபெயர்ப்பவர்கள் சார்பில் எழுதுகிறேன். தலைப்புக்கு விளங்கினால் போதும் என்று விட முடியாது அண்ணா. கனடாவில் ‘ரிமூவல்’ கட்டளை மூன்று வகை, மூன்றின் விளைவும் வேறு வேறு.

முதல் வகை ‘டிப்பார்ச்சர்’ கட்டளை. அமுலுக்கு வந்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் நாட்டை விட்டுப் போக வேண்டும். போகும்போது விமான நிலையத்திலோ எல்லையிலோ எல்லைச் சேவை அதிகாரியிடம் புறப்பாட்டை உறுதிசெய்து சான்றிதழ் வாங்க வேண்டும். இரண்டையும் செய்தவர், திரும்பி வர விரும்பினால் வழமையான நுழைவு நிபந்தனைகளைப் பூர்த்தி செய்தால் போதும். 30 நாள் கடந்தாலோ, சான்றிதழ் வாங்காமல் விமானம் ஏறினாலோ அது தானாகவே ‘டிப்போர்ட்டேஷன்’ கட்டளையாக மாறிவிடும். பிறகு எத்தனை வருடம் போனாலும் சிறப்பு அனுமதி இல்லாமல் உள்ளே வர முடியாது. இடையில் இருப்பது ‘எக்ஸ்குளூஷன்’ கட்டளை. அதற்கு ஒரு வருடத் தடை. பொய்த் தகவல் கொடுத்ததற்காக என்றால் ஐந்து வருடம்.

இனி முக்கியமான விஷயம். அகதிக் கோரிக்கை வைக்கிற ஆளுக்குத் தொடக்கத்திலேயே நிபந்தனையோடு ஒரு டிப்பார்ச்சர் கட்டளை கொடுக்கப்படும். கோரிக்கை நிலுவையில் இருக்கும்வரை அது அமுலுக்கு வராது. அந்தக் கடதாசியை ‘நாடுகடத்தல் உத்தரவு’ என்று வாசித்துக் காட்டினால் என்ன நடக்கும்? கோரிக்கை மறுக்கப்பட்டுவிட்டது என்று நினைத்து ஆள் சட்டத்தரணியிடம் போகாமல் விடலாம், விசாரணைத் திகதியைத் தவறவிடலாம். தவறவிட்டால் கோரிக்கை கைவிடப்பட்டதாக முடிவாகலாம். அப்போது அந்தக் கட்டளை உண்மையிலேயே அமுலுக்கு வரும்.

ஆகவே ‘நாடுகடத்தல்’ மூன்றாவது வகைக்கு மட்டும். பொதுச்சொல்லாக ‘வெளியேற்றம்’ சரி. ஆனால் முதல் வகைக்கு யாரும் ‘வெளியேறல் கட்டளை’ என்று முன்மொழிய வேண்டாம். தன்வினை, பிறவினை என்று எழுத்தில் அழகாக இருக்கும். தொலைபேசியில் ‘வெளியேறும்’, ‘வெளியேற்றும்’ இரண்டும் ஒன்றாகத்தான் கேட்கும். ‘புறப்பாட்டுக் கட்டளை’ என்போம்.

இன்னொன்று. ‘குடியேற்றக் கொள்கை’ என்று இந்தியப் பத்திரிகைகள் எழுதுவதை ஈழத்து வாசகர் அரசாங்கத்தின் காணிக் குடியேற்றத் திட்டம் என்றே முதலில் எடுப்பார். ‘குடிவரவு’ என்று எழுதினால் அந்தக் கரைச்சல் இல்லை. மலேசியா, சிங்கப்பூரில் ‘குடிநுழைவு’ என்கிறார்கள். அதுவும் நல்ல சொல்தான்.

———

மறு: மறு: மறு: கலைச்சொல்

> ‘விரைவு வெளியேற்றம்’

இதில் எனக்கு உடன்பாடில்லை. ‘விரைவு’ என்பது விரைவு ரயில், விரைவுத் தபால் மாதிரி ஏதோ சலுகை போல ஒலிக்கிறது. இந்த அமெரிக்க நடைமுறையின் உயிர்நாடி வேகமல்ல. குடிவரவு நீதிபதி முன் வழக்கு நடக்காமல் அதிகாரியே ஆணை பிறப்பிக்கிறார்; வேகம் அதன் விளைவு. அந்த ஆணைக்கு 5 வருட மறுநுழைவுத் தடை உண்டு. நீதிபதி வழக்கு நடத்திப் பிறப்பித்த ஆணை என்றால் பொதுவாக 10.

2004 முதல் எல்லையிலிருந்து 100 மைலுக்குள், வந்து 14 நாட்களுக்குள் பிடிபட்டவர்களுக்கு இது பயன்பட்டது. சட்டம் அனுமதிக்கும் உச்சம் நாடு முழுவதும், இரண்டு ஆண்டு வரை. 2025 ஜனவரியில் அரசு அந்த உச்சம்வரை விரித்தது. உடனே வழக்குகளும் வந்தன.

‘விசாரணையில்லா வெளியேற்றம்’ என்று ஒரு நண்பர் தனிமடலில் எழுதினார். அது கோபத்தில் பிறந்த சொல், சரியானதல்ல. திரும்பிப் போக அச்சம் என்று சொன்னால் புகலிட அதிகாரி நேர்காணல் செய்வார். அச்சத்துக்கு நம்பத்தக்க அடிப்படையில்லை என்று அவர் முடிவு செய்தால், கேட்டுக்கொண்டால் நீதிபதி அதை 7 நாட்களுக்குள் மறுபார்வை செய்ய வேண்டும். அதற்கு மேல் படியேறுவதுதான் அரிது. மெக்சிக்கோ எல்லையைத் தாண்டி 25 கஜத்தில் பிடிபட்ட ஓர் இலங்கைத் தமிழரின் வழக்கில், அந்த முடிவை ஆட்கொணர்வு மனுவால் எதிர்க்க முடியாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2020 ஜூனில் தீர்ப்பளித்தது. ஒன்பது நீதிபதிகளில் மறுத்தவர்கள் இருவர். அதன்பின் இந்தச் சொல்லை ‘விரைவு’ என்று மென்மையாக்க மனம் வரவில்லை.

நம் குற்றவியல் சட்டத் தமிழில் ‘சுருக்கமுறை விசாரணை’ பழகிய சொல். வழக்கமான படிகளைச் சுருக்கி நடத்துவது என்பது அதன் பொருள். எனவே ‘சுருக்கமுறை வெளியேற்றம்’.

———

மறு: கலைச்சொல் (தொகுப்பு)

‘சுருக்கமுறை வெளியேற்றம்’ ஏற்கிறேன். செய்தியாளர்கள் ‘விரைவு’ என்றே எழுதுவார்கள். அகராதியில் அதை மாற்றுவடிவமாகக் குறித்துவிடலாம். வகை நிச்சயமாகத் தெரியாத இடத்தில் செய்தித் தலைப்புக்கு ‘நாட்டைவிட்டு வெளியேற்றம்’. நீளம்தான், ஆனால் வெள்ளத்தோடு குழம்பாது. ‘கட்டளை’, ‘ஆணை’ இரண்டும் இருக்கட்டும்.

கொரோனாவைக் காரணம் காட்டி 2020 மார்ச் முதல் 2023 மே 11 வரை ‘டைட்டில் 42’இன் கீழ் அமெரிக்க எல்லையிலிருந்து அனுப்பியதை இந்த வரிசையில் சேர்க்கக்கூடாது. அது பொதுச் சுகாதாரச் சட்டம். குடிவரவு ஆணை எதுவும் இல்லை, மறுநுழைவுத் தடையும் இல்லை. அதனால் அதே ஆட்கள் திரும்பத் திரும்ப முயன்றார்கள். பிடிபட்டவர் கணக்கில் ஒரே ஆள் பலமுறை எண்ணப்பட்டார். அதற்கு ‘திருப்பியனுப்பல்’ என்று வைத்துக்கொள்வோம்.

‘எக்ஸ்குளூஷன்’ கட்டளைக்கு ‘நுழைவுத் தடைக் கட்டளை’ என்று எழுதியிருக்கிறேன். ‘பரோல்’ மட்டும் பாக்கி. சிறை விடுப்புக்குப் பழகிப்போன சொல்லை, நாட்டுக்குள் விட்டும் சட்டப்படி நுழைவு தராத நிலைக்கு அப்படியே எடுத்தால், வந்தவர் சிறையிலிருந்து வந்தவர் என்று படிக்கப்படும். ‘தற்காலிக உள்விடுகை’ சரிவருமா?