பார்லேயில் எல்லையைத் தேடாதீர்கள், வாசலைப் பாருங்கள்

அனைவருக்கும் வணக்கம்.

கோடை விடுமுறைக்கு நெதர்லாந்தின் ப்ரெடா நகரப் பக்கம் வருகிறவர்கள், நெதர்லாந்தும் பெல்ஜியமும் பங்கிட்டுக்கொண்ட பார்லே ஊரைப் பற்றி, "பார்லேயில் எல்லைக்கோடு எங்கே இருக்கிறது?" என்று கேட்கிறார்கள். கேள்வியே தப்பு. ஊருக்குக் குறுக்கே ஒற்றைக் கோடு கிடையாது. நெதர்லாந்து மண்ணுக்குள் 22 பெல்ஜியத் துண்டுகள் சிதறிக் கிடக்கின்றன. அந்தத் துண்டுகளுக்குள்ளேயே மறுபடி 7 நெதர்லாந்துத் துண்டுகள். ஆகவே ஒரே ஊருக்கு பார்லே-நாசௌ (நெதர்லாந்து), பார்லே-ஹெர்டோக் (பெல்ஜியம்) என்று இரண்டு பெயர், இரண்டு மேயர்.

வேர் 1198இல். பிரபாந்த் கோமகன் ப்ரெடா பிரபுவுக்கு நிலம் கொடுத்தபோது, குடியிருப்பும் வருமானமும் உள்ள மனைகளைத் தன்னிடமே வைத்துக்கொண்டார், அவைதான் பின்னால் பெல்ஜியத் துண்டுகள் ஆயின என்பது வழக்கமான விளக்கம். (ஹெர்டோக் என்றாலே கோமகன்தான்.) 1843இல் எல்லை வகுத்தவர்களும் 214ஆம் எல்லைக்கல்லோடு கையை விரித்துவிட்டார்கள். அங்கிருந்து 215ஆம் கல் வரை கோடு போடாமல், 5732 மனைகளையும் ஒவ்வொன்றாக இன்ன நாடு என்று எழுதிவைத்தார்கள். இதில் இரண்டு மனைகள் ஓர் ஆவணத்தில் ஒரு நாட்டுக்கும் இன்னோர் ஆவணத்தில் மற்ற நாட்டுக்கும் போக, வழக்கு ஹேக் சர்வதேச நீதிமன்றம் வரை நடந்து 1959இல் பெல்ஜியத்துக்குச் சாதகமாக முடிந்தது. மிச்ச எல்லைக் கணக்கு தீர 1995 ஆகிவிட்டது.

ஒரு வீடு இரண்டு நாட்டிலும் கால் வைத்திருந்தால் அது யாருக்கு? முன்வாசல் எந்த நாட்டில் இருக்கிறதோ அந்த நாட்டுக்கு. கட்டட அனுமதிக்காக வாசலையே நகர்த்தியவர்கள் உண்டு. லோவெரன் தெருவில் எல்லை ஒரு வீட்டுக் கதவின் நடுவிலேயே ஏறுகிறது: கதவுக்கு ஒரு பக்கம் எண் 2, மறுபக்கம் எண் 19.

சிக்கல் வருவதும் இந்த எண்களால்தான். இரண்டு நகராட்சியும் தனித்தனியாக எண் போடுவதால் பக்கத்து வீட்டு எண்ணை வைத்து வீடு தேட முடியாது. எண் பலகையில் உள்ள குட்டிக் கொடியைப் பாருங்கள்: பட்டை கிடைமட்டமாக இருந்தால் நெதர்லாந்து, செங்குத்தாக இருந்தால் பெல்ஜியம். பார்சல் அனுப்பினால் நாசௌவா ஹெர்டோகா என்று முழுப்பெயர் எழுதுங்கள். அஞ்சல் எண் முன்னதற்கு 5111, பின்னதற்கு 2387. வெறும் "பார்லே" என்று எழுதினால் பொட்டலம் எந்த நாட்டுக் கிடங்குக்குப் போகும் என்று சொல்ல முடியாது.

ரயில் கிடையாது, ப்ரெடாவிலிருந்தோ டில்பர்க்கிலிருந்தோ பேருந்து. சைக்கிள் இருந்தால் டில்பர்க்–டர்ன்ஹவுட் பழைய ரயில்பாதையே இப்போது சைக்கிள் பாதை, ஊர் வழியாகத்தான் போகிறது. ஊருக்குள் நடைபாதையில் பதித்த வெள்ளைச் சிலுவைக் கற்களைத் தொடருங்கள்: ஒரு பக்கம் என்எல் (நெதர்லாந்து), மறுபக்கம் பி (பெல்ஜியம்).