ஆயிரம் கேலனுக்கு மூன்று காசு

தெப்ராவ் வாசகர்:
மலேசியாவின் ஜொகூர் மாநிலத்து ஆற்று நீருக்குச் சிங்கப்பூர் நியாயமான விலையே கொடுத்து வருகிறது என்று நேற்று சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ்வாசி எழுதியதைப் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. 1962ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி 2061 வரை நாளொன்றுக்கு 250 மில்லியன் கேலன் எடுக்கலாம். ஆயிரம் கேலனுக்கு விலை மூன்று காசு, அதாவது ரிங்கிட்டின் நூறில் மூன்று பங்கு. முழு அளவையும் எடுத்தால்கூட ஜொகூருக்குக் கிடைப்பது ஒரு நாளைக்கு 7,500 ரிங்கிட். சிங்கப்பூர் எங்களோடு இணைவதற்கான பொது வாக்கெடுப்பு நடந்த அதே செப்டம்பர் மாதத்தில், ஒரே நாடாகப் போகிறோம் என்ற எண்ணத்தில் பேசிய விலையை, 1965இல் பிரிந்துபோன பிறகும் பிடித்துக்கொண்டிருப்பதற்குப் பெயர் நியாயமா?

உட்லண்ட்ஸ்வாசி:
ஐயா, பாதிக் கணக்கைச் சொல்லிவிட்டு நியாயம் கேட்காதீர்கள். அந்த நீரைச் சுத்திகரிக்க ஆயிரம் கேலனுக்கு 2.40 ரிங்கிட் ஆகிறது என்று எங்கள் அரசு கூறியிருக்கிறது. அதையே ஜொகூருக்கு 50 காசுக்குத் திருப்பித் தருகிறோம். ஒப்பந்தப்படி 5 மில்லியன் கேலன் தந்தால் போதும். தருவதோ 16 மில்லியன். 25 ஆண்டு கழித்து, 1987இல், விலையை மறுஆய்வு செய்யும் உரிமை உங்களுக்கு இருந்தது. அன்று வாய் திறக்கவில்லை. இன்னொன்று, நாங்கள் பிரிந்துபோகவில்லை. கோலாலம்பூர் நாடாளுமன்றத்தில் வாக்களித்து எங்களை வெளியேற்றினீர்கள்.

தெப்ராவ் வாசகர்:
வெளியேற்றமா, வெளியேறியதா என்பதை வேறொரு நாள் பேசலாம். மூன்று காசுக்குப் பதில் சொல்லுங்கள். பெருமையாகச் சொன்ன அந்த 16 மில்லியன் கேலனுக்கு ஜொகூர் கட்டுவது நாளொன்றுக்கு 8,000 ரிங்கிட். அதாவது, 250 மில்லியன் கேலனைக் கொடுத்து வாங்குகிற காசு, அதில் ஒரு சிறு பங்கைத் திரும்ப வாங்கவே போதவில்லை. பக்கத்து மாநிலமான மலாக்கா எங்களுக்கு 30 காசு கொடுக்கிறது என்று பிரதமராக இருந்த மகாதீரே சொன்னார். மலாக்காக்காரர் முப்பது கொடுக்க, உலகின் செல்வந்த நகரங்களில் ஒன்று மூன்று கொடுப்பதா?

தேக்கா அங்காடி வாசகி:
அண்டை வீட்டுக்காரரின் நியாயத்தைப் பற்றி நீங்களா பேசுவது? 2022 ஜூன் முதல் தேதி மாதத்திற்கு 36 லட்சம் கோழிகளின் ஏற்றுமதியை நிறுத்தினீர்களே, அன்று சிங்கப்பூரில் என் கடையில் வெட்டுப்பலகை காய்ந்து கிடந்ததை நான் மறக்கவில்லை.

தெப்ராவ் வாசகர்:
எங்கள் சந்தையில் கோழிக்குத் தட்டுப்பாடு வந்தபோது எங்கள் பிள்ளைகளுக்கு முதலில் கொடுத்தது குற்றமா, அம்மா? கோழியை நிறுத்தினோம், தண்ணீரை ஒரு நாளும் நிறுத்தவில்லை. அதுவும் மூன்று காசுக்கு.

உட்லண்ட்ஸ்வாசி:
நிறுத்தவும் முடியாது. 1965 ஆகஸ்ட் 9 பிரிவினை உடன்படிக்கையிலேயே தண்ணீர் ஒப்பந்தங்களுக்கு உத்தரவாதம் அளித்து, ஐ.நா.விலும் பதிவு செய்திருக்கிறோம். ஜொகூர் ஆற்று நீருக்காக லிங்கியூ அணையைக் கட்டியதும் எங்கள் பணம். பெத்ரா பிராங்கா தீவு யாருடையது என்ற விவாதத்தில், அது எங்களுடையது என்ற அனைத்துலக நீதிமன்றத்தின் 2008ஆம் ஆண்டுத் தீர்ப்பைக் காட்டியபோதும் இப்படித்தான் ஒரே வரியைத் திருப்பித் திருப்பிச் சொன்னீர்கள்.

தெப்ராவ் வாசகர்:
அந்தத் தீர்ப்பை இங்கே இழுப்பது, கேட்ட கேள்விக்குப் பதில் இல்லாததால்தான். 25 ஆண்டுக்குப் பிறகு மறுஆய்வு செய்யலாம் என்றால், 25ஆம் ஆண்டில் மட்டும்தான் செய்யலாம் என்று எந்த வரியில் எழுதியிருக்கிறது?

உட்லண்ட்ஸ்வாசி:
விலையை உயர்த்தினால் சுத்திகரித்த நீரின் விலையும் உயரும் என்று கணக்குப் போட்டுத்தான் அன்று பேசாமல் இருந்தீர்கள். ஆதாயம் பார்த்தவர் அழக்கூடாது.

தெப்ராவ் வாசகர்:
கணக்கு என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். கோத்தா திங்கியில் ஜொகூர் ஆற்றங்கரையில் வளர்ந்தவன் நான். வறட்சி ஆண்டுகளில் எங்கள் வீட்டில் குழாய் வறண்டிருக்கிறது. உங்கள் குழாய் வறண்டதுண்டா? அந்த ஆற்றுக்கு ஆயிரம் கேலனுக்கு மூன்று காசு தகுமா, தகாதா? ஒரே சொல்லில் எழுதுங்கள்.