வாஷ்பேசின் அடியில் மரக் கதவு: ஒரே பலகையா, சட்டம் போட்டா?

திருமங்கலம்வாசி:
பாத்ரூம் வாஷ்பேசின் அடியில் இருக்கும் அலமாரிக்கு நானே கதவு செய்யப்போகிறேன். கடையில் வாங்கி மாட்டிய எம்டிஎஃப் (மரத்தூள் நாரை அழுத்திச் செய்த பலகை) கதவு இரண்டு மழைக்காலம்கூடத் தாங்காமல் கீழ் ஓரம் ஊதிப் பொரிந்துவிட்டது. திறப்பு 30 அங்குல அகலம், 24 உயரம், இரட்டைக் கதவு. இடித்த வீட்டுத் தேக்கு கொஞ்சம் வைத்திருக்கிறேன். பலகைகளை ஒட்டி ஒரே துண்டாகப் போடலாமா? மரத்தில் பள்ளம் வெட்டும் ரூட்டர் மெஷின் கிடையாது, ரம்பம், இழைப்புளி, உளிதான்.

மேலூர்ப் பட்டறை:
ஒரே துண்டு வேண்டாம் தம்பி. மரம் நீளவாக்கில் அசையாது, அகலவாக்கில்தான் ஊதும், சுருங்கும். பாத்ரூம் ஈரத்தில் அகலப் பலகை வளைந்து கதவு மூடாமல் நிற்கும். இரண்டரை அங்குல அகலம், முக்கால் அங்குலக் கனத்தில் சட்டம் செய்து, மூலைகளை நாக்கும் துளையுமாக (ஒரு துண்டின் முனை நாக்கு மற்றதன் துளைக்குள் போகும்படி) இறுக்கி, அதற்கு மட்டும் தண்ணீர் தாங்கும் பசை போடுங்கள். ரூட்டர் இல்லாததால் சட்டத்தின் பின்பக்க ஓரத்தில் படி வெட்டி, பலகையை அதில் உட்காரவைத்து, அது விழாமல் பீடிங் (மெல்லிய மரப்பட்டி) அடித்துவிடலாம். ஆணி சட்டத்தில்தான் இறங்க வேண்டும். பலகைக்குப் பசையும் கூடாது ஆணியும் கூடாது, அது சும்மா உட்கார்ந்திருக்கட்டும். அப்புறம், பழைய மரத்தில் இழைப்புளி வைக்கும் முன் காந்தத்தை ஓட்டிப் பாருங்கள், ஒரு துருப்பிடித்த ஆணி போதும், பிளேடு போய்விடும்.

விளாங்குடி அக்கா:
பாலிஷைப் பற்றி யாரும் சொல்லவில்லையே! சொட்டும் தண்ணீர் வழிந்து கதவின் கீழ் ஓரத்தில்தான் தேங்கும், செங்குத்துச் சட்டங்களின் வெட்டுமுனை அதை அப்படியே உறிஞ்சும். முன்பக்கம் பளபளவென்று அடித்துவிட்டு அடியை விட்டுவிடுகிறார்கள். ஆறு பக்கமும் பியூ (பாலியூரிதேன்) பாலிஷ் அடியுங்கள், அடிமுனைக்கு இரண்டு கோட் கூடுதலாக. இன்னொன்று, கக்கூஸ் கழுவும் ஆசிட் பாட்டிலை அந்த அலமாரியில் வைக்காதீர்கள். எங்கள் வீட்டில் வைத்திருந்தோம், மூடியிருந்தும் அதன் ஆவியிலேயே கீல் எல்லாம் துருவேறிப்போனது.

திருமங்கலம்வாசி:
நன்றி அண்ணே, நன்றி அக்கா. அண்ணே, பலகைக்கு எவ்வளவு இடைவெளி விட வேண்டும்? இந்த மே மாதத்திலேயே முடித்துவிடலாம் என்று இருக்கிறேன்.

மேலூர்ப் பட்டறை:
மே மாத வெயிலில் மரம் நன்றாகக் காய்ந்து சுருங்கியிருக்கும், ஐப்பசி மழையில்தான் ஊதும். அதனால் இரு பக்கமும் 2 மில்லிமீட்டராவது விடுங்கள், கதவைச் சுற்றி 3. பலகையைச் சட்டத்தில் மாட்டுவதற்கு முன்பே பாலிஷ் போட்டுவிடுங்கள், இல்லையென்றால் பின்னால் அது சுருங்கும்போது ஓரத்தில் வெள்ளைக் கோடு தெரியும்.