கடைக்கு வரைந்து கொடுத்த படத்தை ஏஐயில் ஏற்றிப் புதுப் படம் எடுத்தால் உரிமை யாருக்கு?

கெடிலக்கரை:
கடலூர் ஓவியர் ஒருவர் புதுச்சேரியில் ஒரு நினைவுப்பொருள் கடைக்கு வெள்ளை நகரத் தெருக்களை 12 படங்களாக வரைந்து கொடுத்தார். 8 வாட்டர்கலர், 4 இங்க் கோட்டோவியம். காசு முழுசாக வந்துவிட்டது. எழுத்தில் ஒப்பந்தம் இல்லை, எல்லாம் வாட்ஸ்அப் பேச்சு. இப்போது கடைக்காரர் அந்தப் படங்களை ஏஐ செயலியில் ஏற்றி, அதே சாயலில் புதுப் படங்கள் எடுத்து ஃபிரிட்ஜ் மேக்னட், டீ-ஷர்ட் என்று ஆன்லைனிலும் விற்கிறார். ஏஐக்கென்று தனிச் சட்டம் வரும்வரை காத்திருப்பதுதான் வழியா?

முத்தியால்பேட்டை:
காத்திருக்க வேண்டாம். 1957 பதிப்புரிமைச் சட்டத்திலேயே பிடி இருக்கிறது. ஆனால் எதைப் பிடிப்பது என்பதில் கவனம் வேண்டும். "என் பாணியைத் திருடிவிட்டார்" என்று போனால் வழக்கு நிற்காது. மஞ்சள் சுவர், காகிதப்பூ, தளர்ந்த கோடு எல்லாம் பாணி. அது யாருக்கும் சொந்தமில்லை. பிரிவு 14(c)யைப் பாருங்கள். கலைப்படைப்பைப் படியெடுப்பது, மின்னணு முறையில் சேமித்து வைப்பது, தழுவிச் செய்வது எல்லாம் உரிமையாளருக்கு மட்டும் உரியவை. செயலியில் ஏற்றியதே ஒரு படியெடுப்பு என்று வாதிட இடமுண்டு.

அடுத்து, வெளிவந்த படத்தை மூலத்தோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஓவியர் தன் கற்பனையில் சேர்த்தது எது, அது புதுப் படத்தில் அப்படியே வந்திருக்கிறதா? ஜன்னலில் மூன்றாவது பலகை உடைந்திருப்பது, சைக்கிள் ஹேண்டில் சுவர்ப்பக்கம் திரும்பியிருப்பது மாதிரியான விஷயங்கள். தெருவிலேயே உள்ளதை யாரும் வரையலாம். தெருவில் இல்லாதது இரண்டு படத்திலும் இருந்தால் அதுதான் சாட்சி.

மஞ்சக்குப்பம்_வழக்கு:
மேலே சொன்னது சரி, ஆனால் அதற்கு முந்தின கேள்வி ஒன்று இருக்கிறது: உரிமையாளர் யார்? பிரிவு 17(b)படி, ஒருவர் கேட்டுக்கொண்டதன் பேரில் காசுக்கு வரைந்த பெயின்டிங், மாற்று ஒப்பந்தம் இல்லையென்றால், காசு கொடுத்தவருக்கே முதல் உரிமை. ஆக அந்த 8 வாட்டர்கலரும் கடைக்காரருக்குப் போய்விட வாய்ப்பு அதிகம். கோட்டோவியம் வேறு. பிரிவு 2(c) பெயின்டிங்கையும் டிராயிங்கையும் தனித்தனியாகச் சொல்கிறது. 17(b)யில் டிராயிங் என்ற சொல் இல்லை. அதனால் அந்த 4 படங்களை முன்னே வைத்து வழக்கைக் கட்டுங்கள்.

வாட்டர்கலரையும் கைவிட வேண்டாம். "மேக்னட்டுக்கு மட்டும்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி இருந்தாலும் அதை மாற்று ஒப்பந்தமாகக் காட்டலாம். உரிமை கைமாறினாலும் பிரிவு 57 ஓவியரிடமே நிற்கும்: தன் பெயரைக் கோரலாம், மதிப்பைக் கெடுக்கும்படி படத்தைச் சிதைத்தால் தடுக்கலாம். நீலத் தெருப் பலகையில் தமிழ் எழுத்தைக் குதறி வைத்திருக்கும் ஏஐ படம் ஓவியரின் பெயரோடு விற்பனையானால், அது பிரிவு 57க்கு நல்ல உதாரணம்.

கடை புதுச்சேரியில் இருந்தாலும், பிரிவு 62(2)படி ஓவியர் கடலூர் மாவட்ட நீதிமன்றத்திலேயே தாக்கல் செய்யலாம். வழக்கின் மதிப்பு 3 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ போனால் அது வணிக வழக்கு. அவசரத் தடை கேட்காவிட்டால் முதலில் சமரசப் பேச்சுக்குப் போயாக வேண்டும்.

நோணாங்குப்பம்_டிசைன்:
சாட்சியை இன்றே எடுத்து வைக்கச் சொல்லுங்கள், கடைக்காரர் விற்பனைப் பக்கத்தை நீக்கிவிட்டால் போனதுதான். அடுக்குகள் (லேயர்) ஒன்றாக்கப்படாத மூலக் கோப்பு, ஸ்கேன், பென்சில் ஸ்கெட்ச், கடை விளம்பரத்தின் முகவரியோடு தேதி தெரியும் ஸ்கிரீன்ஷாட், ஒரு மேக்னட்டை பில்லோடு வாங்கி வைப்பது. வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் படம் சுருங்கி, உள்ளே இருக்கும் தேதி விவரமும் போய்விடும், டாக்குமென்டாக அனுப்புங்கள். மின்னணுச் சாட்சிக்கு பாரதிய சாட்சிய அதினியம் (சாட்சியச் சட்டம்) பிரிவு 63 சான்றிதழ் தேவை, அதில் கோப்பின் கைரேகை மாதிரியான ஹாஷ் எண்ணும் கேட்பார்கள். ஒரு முறை எடிட் செய்து சேமித்தாலே ஹாஷ் மாறிவிடும், ஆகவே மூலத்தைத் தொடாதீர்கள்.

ஆன்லைன் தளத்துக்கு 2013 பதிப்புரிமை விதிகளின் விதி 75படி எழுத்தில் புகார் கொடுக்கலாம். 36 மணி நேரத்துக்குள் தளம் நடவடிக்கை எடுக்க வேண்டும். ஆனால் 21 நாளுக்குள் நீதிமன்ற ஆணை கொண்டுவராவிட்டால் படம் திரும்ப ஏறிவிடலாம். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். வழக்கு மனு தயாராகும் முன் இந்தப் புகாரை அனுப்ப வேண்டாம்.

கெடிலக்கரை:
தெளிவாகிவிட்டது, நன்றி. இனி வரும் வேலைக்கு என்ன எழுதி வாங்குவது? அரசு ஏதோ கட்டாய உரிமம் கொண்டுவரப் போவதாகச் சொல்கிறார்களே?

மஞ்சக்குப்பம்_வழக்கு:
அது மத்திய அரசின் தொழில், உள்நாட்டு வர்த்தக மேம்பாட்டுத் துறை (டிபிஐஐடி) 2025 டிசம்பரில் வெளியிட்ட கருத்தறிக்கை, சட்டம் அல்ல. ஏஐ நிறுவனங்கள் படைப்புகளைப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளலாம், ராயல்டி கட்ட வேண்டும், படைப்பாளி மறுக்க முடியாது என்பது அதன் சாரம். என் பார்வையில், மறுக்கும் உரிமையைப் பறிப்பது ஓவியருக்கு இழப்புதான். ஐரோப்பாவில் பயிற்சிக்கு வேண்டாம் என்று ஒதுக்கிவைக்க 2019 பதிப்புரிமை ஆணையில் வழி இருக்கிறது. எப்படியானாலும் டிபிஐஐடி அறிக்கை பெரிய ஏஐ மாடல்களைப் பயிற்றுவிப்பது பற்றியது. கடைக்காரர் ஓவியரின் படத்தைச் செயலியில் ஏற்றுவதை அது தீர்க்காது.

எழுதி வாங்க வேண்டியது இவ்வளவுதான்: "படங்களின் பதிப்புரிமை ஓவியரிடமே இருக்கும். இன்ன பொருளில், இந்தியாவுக்குள், இரண்டு ஆண்டுக்கு அச்சிட மட்டும் அனுமதி. எந்த ஏஐ கருவியிலும் ஏற்றவோ, பயிற்சிக்குத் தரவோ, தழுவிப் புதுப் படம் எடுக்கவோ அனுமதி இல்லை." இருவரும் கையெழுத்து, தேதி. முதல் வரியே 17(b)யை அடைத்துவிடும். காலம் போடாமல் உரிமையை எழுதிக் கொடுத்தால் சட்டம் அதை 5 ஆண்டு என்று எடுத்துக்கொள்ளும், மறக்காமல் நிரப்புங்கள்.

பதிப்புரிமைப் பதிவு கட்டாயமில்லை. செய்வதானால் படிவம் 14. கலைப்படைப்புக்கு 500 ரூபாய், பொருளோடு பயன்படும் படமானால் 2000 ரூபாய், கூடவே டிரேட்மார்க் அலுவலகத் தேடல் சான்றிதழ். ஆட்சேபத்துக்கு 30 நாள் விடுவார்கள்.