ஒரு படகு திரும்பினால் சரி, பல படகுகள் திரும்பினால் தப்பு: சார்பு வாக்கியத்தில் ‘ஆல்’ சிக்கல்

கெடிலக்கரை (கடலூர்):
வணக்கம். முதுநகர் துறைமுகத்து மீன் வரத்து, விலை பற்றிய குட்டிச் செய்தியைத் தானாக எழுதும் நிரல் ஒன்று செய்கிறேன். ஆங்கில வாக்கியங்களைக் கட்டித்தரும் சிம்பிள்என்எல்ஜி என்ற ஜாவா நிரல் நூலகத்தின் அமைப்பையே தமிழுக்கும் எடுத்துக்கொண்டேன். தலைமை வாக்கியம் ஒரு கணு (வாக்கிய மரத்தில் ஒரு முனை), சார்பு வாக்கியம் அதற்குள் இன்னொரு கணு, கூடவே இணைப்புச் சொல். அங்கே ‘பிகாஸ்’, இங்கே ‘ஆல்’.

‘காற்று பலமாக வீசியதால் மீன் விலை ஏறியது’ சரியாக வந்தது. ‘படகு வெறுமனே திரும்பியதால்’ அதுவும் சரி. படகைப் பன்மையாக்கினால் வருவது: ‘படகுகள் வெறுமனே திரும்பினால் மீன் விலை ஏறியது’. காரணம் சொல்லச் சொன்னால் நிபந்தனை போடுகிறது! சந்தி விதியில் கோளாறா? இரண்டு நாளாக மண்டை காய்கிறது.

புதுவைக்_காற்று:
எதுக்கு வம்பு? ‘ஏனென்றால்’ போட்டு ரெண்டு வாக்கியமா உடைச்சிடுங்க.

கெடிலக்கரை:
குரல் செய்தியாகப் போகிறது அண்ணே. ஏலம் நடக்கிற சத்தத்தில் ரெண்டாவது வாக்கியம் யார் காதில் விழும்?

முத்தியால்பேட்டை_வாத்தியார்:
தம்பி, சந்தி மேல பழி போடாதீங்க. திரும்பின + ஆல் = திரும்பினால். அது தன் வேலையை ஒழுங்காத்தான் செய்யுது. நீங்க முற்றுவினையில், அதாவது ‘திரும்பின’ மாதிரி வாக்கியத்தை முடிக்கிற வினையில், ‘ஆல்’ ஒட்டுறீங்க, தப்பு அங்கேதான்.

காரண ‘ஆல்’ தொழிற்பெயரில்தான், அதாவது செயலையே பெயராச் சொல்ற சொல்லில்தான், ஒட்டும். ‘திரும்பியது’ என்பது ஒருமை முற்றாகவும் வரும், தொழிற்பெயராகவும் வரும்; ரெண்டுக்கும் ஒரே உருவம். அதனால ஒருமையில் குருட்டு அதிர்ஷ்டத்தில் தப்பிச்சீங்க. தொழிற்பெயருக்குத் திணை, பால், எண் கிடையாது. நான் திரும்பியதால், அவர்கள் திரும்பியதால், படகுகள் திரும்பியதால், எல்லாம் ஒன்றே.

ஆங்கிலத்தில் ‘பிகாஸ்’ முன்னால் நின்னா போதும், வினை அப்படியே இருக்கும். நம்மகிட்ட இணைப்பே வினையோட உடம்புக்குள்ள இருக்கு. ஆகவே சார்புக் கணுவில் முழு வினையை வைக்காதீங்க. வேர், காலம், உறவு (காரணமா, நிபந்தனையா) மூணும் போதும். எழுவாயோடு இயைபு (ஒருமை, பன்மை மாதிரிப் பொருத்தம்) பார்ப்பது தலைமை வினைக்கு மட்டும்.

ஒரு விதிவிலக்கு: ‘என்று’. ‘படகுகள் திரும்பின என்று சொன்னார்கள்’ என்பதில் உள்வாக்கியமும் முற்றாகவே நிற்கும், இயைபும் வேணும். அதைத் தனியாகக் கையாளுங்க.

கெடிலக்கரை:
ஐயா, வேலை செய்கிறது! எதிர்காலத்தில் முன்பு ‘வீசுமால்’ என்று உளறியதும் இப்போது ‘வீசுவதால்’ ஆகிவிட்டது. ஆனால் ‘திரும்பவில்லைஆல்’ என்று ஒன்று வருகிறது.

முத்தியால்பேட்டை_வாத்தியார்:
எதிர்மறையை வெளியில் ஒட்டியிருப்பீங்க. அதையும் கணுவுக்குள் ஒரு பண்பா வைங்க: ‘திரும்பாததால்’. நிபந்தனைக்கு ‘திரும்பாவிட்டால்’.